17.37 தாண்டியவருக்கு 17.22 எப்படிப் போதாமல் போனது?

ஜெராக்ஸ் கடை, கோவில்பட்டி

எல்லாருக்கும் வணக்கம். என் பையன் பதினொன்றாம் வகுப்பு. மும்முறை தாண்டுதலில் இருக்கிறான். போன மாதம் ஒரு போட்டியில் 13.42 தாண்டி முதலிடம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே மீட்டர் கணக்குதான். அவன் அம்மாவின் ஐந்தரை மீட்டர் புடவை மூன்றை மொட்டை மாடியில் வரிசையாக விரித்துப் போட்டு, "இதுக்கும் அந்தப் பக்கம் போய் விழுந்திருக்காரும்மா" என்று காட்டினான். யாரைச் சொல்கிறான் என்றால் பிரவீன் சித்திரவேலை. படிக்கிற மேஜைக்கு மேலே பேப்பரில் வந்த அவர் படம், அதற்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவில் 17.37. அதற்கும் கீழே சின்னதாக "பாரிஸ் 17.22". அதாவது 2024 ஒலிம்பிக்கிற்குக் கேட்ட தூரம் 17.22, இவர் அதைவிட 15 சென்டிமீட்டர் கூடுதல் என்று அவனுக்குப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் வந்திருந்தான். வீட்டுக்காரியின் தம்பி. ஹாக்கி பைத்தியம், எங்கள் ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. சாப்பாட்டுக்கு நடுவில், "மாப்ளே, உன் ஆளு பாரிஸுக்கு நேரடியாத் தகுதி பெறலையே, ரேங்கிங்ல இடம் கிடைச்சுத்தானே போனாரு? 17.37 நெசம்னா அது எப்படி?" என்று கேட்டான். பையன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். நானும் நெட்டில் தேடிப் பார்த்தேன். ரேங்கிங்கில்தான் போயிருக்கிறார். எனக்கும் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், பையனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய பி.டி. வாத்தியார்

முதலில் உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள் தம்பி, 17.37 நிஜம். 2023 மே 6ஆம் தேதி, கியூபாவில் ஹவானா. அதுவும் எதிர்காற்றில், நொடிக்கு 1.5 மீட்டர். ரஞ்சித் மகேஸ்வரி 2016இல் பெங்களூரில் வைத்த 17.30 தேசியச் சாதனை அன்றைக்கு உடைந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

கோளாறு தூரத்தில் இல்லை, தேதியில். பாரிஸுக்கான தகுதிக் கணக்கு மும்முறை தாண்டுதலுக்கு 2023 ஜூலை 1 அன்று திறந்து 2024 ஜூன் 30 அன்று மூடியது. அதற்குள் 17.22 தாண்டினால் நேரடித் தகுதி. பிரவீன் தாண்டியது மே 6. ஜூலை 1 வரை எண்ணிப் பாருங்கள், 56 நாள், சரியாக எட்டு வாரம். கவுன்டர் திறக்கும் முன்னால் வந்து நின்றவர் அவர். அந்த 17.37 சாதனைப் புத்தகத்தில் இருக்கிறது, புடாபெஸ்டில் நடந்த 2023 உலகச் சாம்பியன்ஷிப்புக்குச் செல்லும். பாரிஸுக்குச் செல்லாது.

அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை இது. அந்த ஆண்டு நம் நீளம் தாண்டுதல்காரர்களைப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் முதலூர்ப் பையன் ஜெஸ்வின் ஆல்ட்ரின், உங்கள் மாவட்டம்தான், 2023 மார்ச் 2ஆம் தேதி விஜயநகரில் 8.42 தாண்டினார். தேசியச் சாதனை. பாரிஸ் கேட்டது 8.27. மார்ச் என்பதால் போச்சு. பாலக்காட்டு ஸ்ரீசங்கர் ஜூன் 18 அன்று புவனேஸ்வரில் 8.41. பதின்மூன்றே நாள் வித்தியாசத்தில் அதுவும் போச்சு. ஆனால் அவர் ஜூலை 15 அன்று பாங்காக் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் மறுபடி 8.37 தாண்டினார், நேரடித் தகுதி வாங்கிவிட்டார். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்கால் போனது, அறுவை சிகிச்சை. தகுதி கையில் இருந்தும் போக முடியவில்லை. ஜெஸ்வின் கடைசி நேரத்தில் தரவரிசை வழியாக உள்ளே போனார்.

இந்தத் தரவரிசையை இலவசப் பாஸ் மாதிரி நினைக்கிறார்கள், அது தப்பு. ஒவ்வொரு போட்டிக்கும் தோராயமாகப் பாதிப் பேர் நேரடி அளவில், மீதிப் பாதி தரவரிசையில் என்றுதான் உலகத் தடகள அமைப்பே திட்டம் போட்டிருந்தது. மும்முறை தாண்டுதலுக்கு மொத்தம் 32 பேர். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர். தரவரிசைக்கு ஒரே ஒரு நல்ல தாண்டு போதாது. ஐந்து நல்ல போட்டிகளின் சராசரி பார்ப்பார்கள். தூரத்துக்குப் புள்ளி, அதன் மேல் எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம் என்பதற்கும் புள்ளி. உள்ளூர் மீட்டில் கொஞ்சம் அதிகம் தாண்டுவதைவிட, ஆசிய அளவில் கொஞ்சம் குறைவாகத் தாண்டி மேடை ஏறுவது லாபம். பிரவீன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தாண்டியது 16.68தான், ஆனால் வெண்கலம். அந்த மாதிரிப் போட்டிகள்தான் அவரைப் பாரிஸுக்குக் கொண்டு சேர்த்தன. ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் தரவரிசையில் ஏற முடியாது, இதையும் மச்சானிடம் சொல்லுங்கள்.

பாரிஸில் அவருக்கு நாள் சரியில்லை. 16.25, தகுதிச் சுற்றோடு திரும்பினார். அதையும் மறைக்காமல் பையனிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு மச்சான் சொல்லுவார்.

திருச்சி ஜங்ஷன்

வாத்தியார் சொன்னது தனி ஆள் கதை. தொடர் ஓட்டக் கதை இன்னும் மோசம், அங்கே நான்கு பேர் காலும் நன்றாக இருக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் நம் 4×400 ஆண்கள் 2:59.05 ஓடினார்கள். அப்போது அது ஆசியச் சாதனை. ஹீட் என்கிற முதல் சுற்று ஓட்டத்தில் அமெரிக்காவுக்கு அடுத்து வந்தார்கள். கடைசிக் கால், அதாவது நான்காவது 400 மீட்டர், ஓடியவர் ராஜேஷ் ரமேஷ், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். நானும் ரயில்வேதான், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு ஓடியும் பாரிஸுக்கு மொத்தம் இருந்த 16 இடத்தில் 14 இடம் பஹாமாஸில் நாசாவில், 2024 மே மாத உலகத் தொடர் ஓட்டப் போட்டியில்தான். போய் ஓட வேண்டும்.

அங்கே சாயந்திரம் என்றால் நமக்கு விடியற்காலை. போனைச் சார்ஜரில் போட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள், இரண்டாவது கால் ராஜேஷ். பாதித் தூரத்தில் சதை பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டார். மூன்றாவது ஆள் கோட்டில் நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறார், பேட்டன் வரவே இல்லை. அந்த ஆளுடைய முகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்று ஹீட், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிக்கு மட்டும் இடம். ராஜேஷுக்குப் பதிலாக எங்கள் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் வந்தார். முப்பது வயதைத் தாண்டிய ராணுவக்காரர், 2016 ரியோ, டோக்கியோ எல்லாம் பார்த்தவர். அனஸ், அஜ்மல், ராஜீவ், அமோஜ். 3:03.23, அமெரிக்காவுக்குப் பின்னால் இரண்டாவது. அதே நாளில் பெண்கள் அணியும் 3:29.35இல் ஜமைக்காவுக்கு அடுத்து இரண்டாவது. அதில் எங்கள் திருச்சி சுபா வெங்கடேசன். புடாபெஸ்டைவிட நான்கு நொடிக்கு மேல் மெதுவாக ஓடித்தான் ஆண்கள் தகுதி பெற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். அன்றைக்குத் தேவைப்பட்டது இரண்டாவது இடம், சாதனை அல்ல.

பாரிஸில் ராஜேஷ் ஓடினார். 3:00.58. இறுதிக்குப் போகவில்லை.

ஜெராக்ஸ் கடை, கோவில்பட்டி

வாத்தியார் ஐயா, மிக்க நன்றி. பையனிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் சுவரில் 17.37க்குப் பக்கத்தில் "6.5.23" என்று எழுதியிருக்கிறான். மச்சானிடமும் சொன்னேன். "எட்டு வாரத்துக்கு முன்னாடி தாண்டினா காலு வேற காலா? இது ரேஷன் கடைச் சட்டம்" என்கிறான். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு தேதி, ஒரு சென்டிமீட்டர், நொடியில் நூறில் ஒரு பங்கு என்று இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா?

பழைய பி.டி. வாத்தியார்

கோடு என்று ஒன்று போட்டால் அதற்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும் தம்பி. நீங்கள் "நூறில் ஒரு பங்கு" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டீர்கள். விசாகப்பட்டினம் ஜோதி யர்ராஜியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

நூறு மீட்டர் தடை ஓட்டம். பாரிஸ் அளவு 12.77. ஜோதி 2023 ஆகஸ்டில் செங்டு உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் ஓடியது 12.78. சரி, ஒரு தடவை நடக்கும். 2024 மே மாதம் பின்லாந்தில் யுவஸ்கூலாவில் மறுபடி ஓடினார். 12.78. இரண்டும் தேதிக்குள்ளேதான், இரண்டும் நூறில் ஒரு பங்கு பாக்கி. கடைசியில் அவரும் தரவரிசை வழியாகவே போனார். இந்தியாவிலிருந்து அந்த ஓட்டத்தில் ஒலிம்பிக் போன முதல் ஆள்.

அவருடைய பழைய கதை இன்னும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. காரணம், நான் இருபது வருடம் மாநில மீட்டுகளில் விண்ட் கேஜ், அதாவது காற்றின் வேகத்தை அளக்கும் கருவி, பார்த்தவன். 2020 ஜனவரியில் மூடபித்ரியில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் 13.03 ஓடினார். அப்போது தேசியச் சாதனை அனுராதா பிஸ்வாலின் 13.38, 2002இலிருந்து அசையாமல் இருந்தது. ஆனால் அங்கே ஊக்கமருந்துச் சோதனை நடக்கவில்லை, அதனால் சாதனை ஏற்கப்படவில்லை. 2022இல் கோழிக்கோட்டில் 13.09. அன்றைக்குப் பின்காற்று நொடிக்கு 2.1 மீட்டர். அனுமதி 2.0 வரைதான். புள்ளி ஒன்று. அதுவும் போச்சு. அடுத்த மாதமே சைப்ரஸ் போய் 13.23 ஓடி முறைப்படி வாங்கினார். 13.03, 13.09 என்று ஓடியவர் பெயரில் ஏட்டில் ஏறியது 13.23.

புள்ளி ஒன்று என்றால் என்ன என்று அந்தக் கருவியோடு உட்கார்ந்தவனுக்குத் தெரியும். மும்முறை தாண்டுதலில் போர்டிலிருந்து, அதாவது கால் ஊன்றித் தாண்டும் பலகையிலிருந்து, 20 மீட்டர் தள்ளி, ஓடுபாதைக்கு இரண்டு மீட்டருக்குள், 1.22 மீட்டர் உயரத்தில் அதை வைப்போம். ஓடி வருபவர் 35 மீட்டர் குறியைக் கடந்த கணத்திலிருந்து ஐந்து நொடி அளக்கும். அந்த ஐந்து நொடிக்கு முன்னால் புயல் அடித்தாலும் கணக்கில் இல்லை. ஒரு தடவை ஒரு பையன் அருமையாகத் தாண்டினான், பெயர் வேண்டாம். மணலிலிருந்து எழுந்து நேராக என் முகத்தைத்தான் பார்த்தான். தூரத்தை அளப்பவரைப் பார்க்கவில்லை, என்னை. கருவியில் 2.3. நான் பலகையைத் திருப்பிக் காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டு ஸ்பைக்ஸில் ஒட்டின மணலைத் தட்டினான். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இந்தக் கறார் புரிகிறது, வீட்டில் இருக்கிற நமக்குத்தான் புரிவதில்லை.

கெடிலக்கரை

நீங்கள் எல்லாரும் தடகளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அங்கேயாவது தாண்டியவர் பெயரில் தகுதி வருகிறது. துப்பாக்கி சுடுதலில் அதுவும் இல்லை. கோட்டா, அதாவது ஒலிம்பிக்கில் ஒரு இடம், நாட்டுக்கு. சுட்டு வாங்கியவருக்கு அல்ல.

எங்கள் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனை எடுத்துக்கொள்ளுங்கள், வளர்ந்தது அகமதாபாத். பாரிஸ் 10 மீட்டர் ஏர் ரைபிளில் இந்தியாவுக்கு இரண்டு இடம். ஒன்றை மெஹுலி கோஷ் 2023இல் பாகு உலகச் சாம்பியன்ஷிப்பில் வாங்கினார். இன்னொன்றைத் திலோத்தமா சென் சாங்வோனில் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வாங்கினார். 2024 ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியிலும் போபாலிலும் டிரையல்ஸ் வைத்தார்கள். முடிவில் பாரிஸ் போனவர்கள் இளவேனிலும் ரமிதா ஜிண்டாலும். கோட்டா வாங்கிய இரண்டு பேருமே வீட்டில்.

எங்கள் ஊர்ப் பெண் போனாள் என்று எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் திலோத்தமா அப்போது பள்ளிக்கூடப் பருவத்துப் பிள்ளை. அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். போட்டி நேரத்தில் யார் நன்றாகச் சுடுகிறாரோ அவர் போகட்டும் என்ற வாதமும் நியாயம்தான். பாரிஸில் ரமிதா இறுதிச் சுற்று வரை போய் ஏழாவது வந்தார். இளவேனில் 630.7, பத்தாவது இடம். இறுதிக்கு எட்டுப் பேர்.

மாடி வீட்டு மச்சான்

நான்தான் அந்த மச்சான். மாமா லிங்க் அனுப்பினார், எல்லாவற்றையும் படித்தேன். வாத்தியார் சாருக்கு வணக்கம், 17.37 விஷயத்தில் நான் பேசியது தப்பு. பையனிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் தேதி, காற்று என்று நீங்கள் சொல்வதெல்லாம் ஹாக்கியில் கிடையாது. அங்கே ஒரே கோல். 2024 ஜனவரி 19, ராஞ்சி. எட்டு அணி தகுதிப் போட்டி, முதல் மூன்று பேருக்குப் பாரிஸ். நம் பெண்கள் அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஷூட் அவுட்டில் தோற்று, மூன்றாவது இடத்துக்கு ஜப்பானோடு ஆடினார்கள். ஆறாவது நிமிடம் பெனால்டி கார்னரில் ஜப்பான் ஒரு கோல். மீதி 54 நிமிடம் நாம் அடித்துக்கொண்டே இருந்தோம், உள்ளே போகவில்லை. டோக்கியோவில் நான்காவது வந்த அணி பாரிஸுக்கே போகவில்லை. ஆண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹாங்சோவில் அதே ஜப்பானை 5-1 அடித்துத் தங்கம் வாங்கி நேராகப் போய்விட்டார்கள்.

மழையால் போனதும் உண்டு. 2024 ஏப்ரலில் மல்யுத்தக்காரர்கள் தீபக் பூனியாவும் சுஜீத்தும் பிஷ்கெக்கில் ஆசியத் தகுதிப் போட்டிக்குப் போகும் வழியில் துபாய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஊரே வெள்ளம். போய்ச் சேர்வதற்குள் எடை பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது. பாயில் கால் வைக்கவே விடவில்லை. இதற்கு வாத்தியார் சார் எந்தக் கருவி வைத்து அளப்பார்?

பழைய வண்ணாரப்பேட்டை

சும்மா எல்லாரும் கை நழுவிப் போனதையே சொல்கிறீர்கள். எங்கள் பேட்டைப் பெண் பவானி தேவி உட்கார்ந்த இடத்தில் தகுதி பெற்ற கதையும் இருக்கிறது. 2021 மார்ச், புடாபெஸ்ட், வாள்வீச்சில் சேபர் என்ற பிரிவின் அணிப் போட்டி. கால் இறுதியில் தென்கொரியாவும் ஹங்கேரியும் மோதுகின்றன. கொரியா ஜெயித்தது. இடங்களின் கணக்கு மாறி, ஆசியா ஓசியானியா தரவரிசையில் ஒரு இடம் பவானிக்கு வந்தது. அப்போது உலகத் தரவரிசையில் 45. வாள்வீச்சில் ஒலிம்பிக் போன முதல் இந்தியர். யாரோ இரண்டு நாடு சண்டை போட, சென்னையில் நாங்கள் வெடி போட்டோம்.

உட்கார்ந்த இடத்தில் என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் வாள் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியில் பயிற்சி செய்த பிள்ளை. அந்த 45ஆம் இடத்துக்கு எத்தனை வருடம், எத்தனை விமான டிக்கெட். டோக்கியோவில் முதல் ஆட்டத்தில் துனிசியாக்காரியை 15-3 என்று அடித்தது. அடுத்து பிரான்ஸின் மனோன் புருனேயிடம் 7-15.

பழைய பி.டி. வாத்தியார்

மச்சான் தம்பி, துபாய் மழைக்கு என்னிடம் கருவி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு விஷயம். பையன் 13.42 என்றீர்கள். பதினொன்றாம் வகுப்புக்கு நல்ல தூரம். எந்த மீட், விண்ட் கேஜ் இருந்ததா, சான்றிதழில் தூரத்தோடு காற்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இப்போதிருந்தே ஒரு நோட்டுப் போட்டு தேதி, இடம், தூரம், காற்று என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவன் ஏற்கெனவே சுவரில் தேதி எழுத ஆரம்பித்துவிட்டான் என்கிறீர்கள், நோட்டுக்கு மாற்றினால் போதும்.

ஜெராக்ஸ் கடை, கோவில்பட்டி

ஐயா, சான்றிதழை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "முதலிடம்" என்று மட்டும் இருக்கிறது. தூரமே போடவில்லை. காற்றுக் கருவி எதுவும் நான் பார்க்கவில்லை. அது மண் தரை, சுண்ணாம்புக் கோடு.

பழைய பி.டி. வாத்தியார்

அப்படியானால் 13.42 என்பது யார் கணக்கு?

ஜெராக்ஸ் கடை, கோவில்பட்டி

போட்டி முடிந்து எல்லாரும் போனபிறகு, தடம் அழிவதற்குள் நாங்களே அளந்தோம் ஐயா. டேப்பின் ஒரு முனையைப் பிடித்தது நான்தான்.

பழைய பி.டி. வாத்தியார்

பூஜ்யம் மணல் பக்கம் இருக்க வேண்டும், போர்டு பக்கம்தான் படிக்க வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம்?

ஜெராக்ஸ் கடை, கோவில்பட்டி

மணல் பக்கம். பூஜ்யம் என் கையில்தான் இருந்தது, பின்பக்கத் தடத்தில் சரியாக வைத்தேன்.

பழைய பி.டி. வாத்தியார்

நல்லது. போர்டில் படித்தது யார்?

மாடி வீட்டு மச்சான்

நான்தான் சார்.